அத்தையின் ரொட்டி டின்

இந்த வாரம் சம்பள ஒப்பந்தத்தைப் பற்றியும் போனசைப் பற்றியும் நாம் எழுதப் போவதில்லை. அது அடுத்த வாரம். போன மாதம் எங்கள் அத்தை காலமானார். எண்பது வயதைத் தாண்டிய மூதாட்டி. பால்மரம் வெட்டிய குடும்பத்தில் பிறந்து, சிங்கப்பூர் தேசிய நூலகத்தில் முப்பத்தைந்து ஆண்டுகள் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவருடைய படம் எந்தப் பத்திரிகையிலும் வந்ததில்லை. மேடை ஏறி மாலை வாங்கியவரும் அல்லர். ஆனால் எங்கள் தோட்டம் மூடப்பட்டபோது நாற்பது சொச்சம் குடும்பங்கள் நஷ்டஈடு வாங்கிய கதையில் அவர் இருக்கிறார். ஆகவே இந்தப் பகுதியில் அவருக்கு இடம் உண்டு என்று நினைக்கிறோம். இல்லை என்பவர்கள் படித்து முடித்துவிட்டுச் சொல்லட்டும்.

அத்தை என்றால் அப்பாவின் அக்காள். 1944-ல், ஜப்பான்காரன் ஆட்சியில், ஜொகூரில் குளுவாங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றின் லயத்து வீட்டில் பிறந்தார். அரிசிக்குத் தட்டுப்பாடு. மரவள்ளிக் கிழங்கே சோறு. பிள்ளை தங்காது என்றே எல்லாரும் நினைத்தார்களாம். எப்படியோ பிழைத்துக்கொண்டது.

அவர் பிறப்பதற்கு முந்திய ஆண்டு தாத்தாவின் தம்பியைச் சயாமுக்குக் கொண்டு போனார்கள். சயாம் மரண ரயில் என்று நம் கிழவர்கள் சொல்வது கட்டுக்கதை அல்ல. சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் தண்டவாளம். 1942-ல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். அதற்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து நம் ஆட்களைக் கும்பல் கும்பலாக ஏற்றினார்கள். வாந்திபேதியிலும் மலேரியாவிலும் பசியிலும் விழுந்தவர்கள் விழுந்த இடத்திலேயே கிடந்தார்கள். சின்னத் தாத்தா திரும்பி வரவில்லை. "ஆபீசு வாசல்ல பேரு எழுதிக்கிட்டுத்தான் லாரியில ஏத்துனாங்க" என்று அப்பாயி சாகிறவரை சொல்லிக்கொண்டிருந்தார். "அந்த எழுதுன நோட்டு எங்கடி போச்சு?" என்று அத்தையைத்தான் கேட்பார், என்னமோ அத்தைதான் எடுத்து ஒளித்துவைத்ததுபோல.

இந்தக் கேள்வியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அத்தை வாழ்நாள் முழுக்க அதை வைத்திருந்தார்.

தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. அதற்குமேல் படிப்பதென்றால் டவுனுக்குப் போக வேண்டும்; பஸ் காசு யார் கொடுப்பது? பெண்பிள்ளை என்றால் ஆயாக் கொட்டகையில் குழந்தை பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் அம்மாவோடு மலைக்குப் போய் மங்கு துடைக்க வேண்டும். அத்தை இரண்டு ஆண்டு மங்கு துடைத்தார். அப்புறம் சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் மாட்டுப்பால் வியாபாரம் செய்துகொண்டிருந்த அப்பாயியின் அண்ணன், வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, பார்த்துக்கொள்ள ஒரு பிள்ளையை அனுப்பு என்று கேட்டார். அத்தை ரயிலேறினார். அப்போது பாஸ்போர்ட்டும் கிடையாது, ஒன்றும் கிடையாது. டிக்கெட் இருந்தால் போதும்.

குழந்தை பார்க்கப் போன இடத்தில்தான் அதிர்ஷ்டம் அடித்தது. உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியில் 1960-ல் உயர்நிலை வகுப்புகள் தொடங்கின. சிங்கப்பூரில் தமிழிலேயே உயர்நிலைப் படிப்பு சொல்லிக்கொடுத்த ஒரே பள்ளி அது. 1982-ல் மூடிவிட்டார்கள். பதினாறு வயதில், தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து அத்தை படித்தார். பகலில் பள்ளிக்கூடம், மாலையில் பால் செம்பு கழுவுவது, இரவில் குழந்தை. மாமியார்காரி நல்லவர் என்பார். "அந்த அத்த மட்டும் வேணாம்னு சொல்லியிருந்தா நான் மறுபடியும் மங்குதான் தொடச்சிருப்பேன் மருமவனே" என்று பல தடவை நம்மிடம் சொல்லியிருக்கிறார்.

1964-ல் ஸ்டாம்ஃபோர்டு ரோட்டு நூலகத்தில் வேலை கிடைத்தது. சிவப்புச் செங்கல் கட்டடம். முதலில் புத்தகம் அடுக்குகிற வேலை. பிறகு இரவு வகுப்பில் ஆங்கிலம் படித்து, பரீட்சை எழுதி, படிப்படியாக மேலே வந்தார். 1999-ல் ஓய்வு பெறும்போது தமிழ்ப் புத்தகங்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் இருந்தார். பதவிக்கு ஆங்கிலத்தில் ஏதோ ஒரு நீளமான பெயர் உண்டு. எங்களுக்கு அவர் லைப்ரேரியன் அத்தை. நூலகத்துக்கு நீண்ட காலம், 1988 வரை, தலைவராக இருந்த திருமதி ஹெட்விக் அனுவார் ஜொகூர் பாருவில் பிறந்தவர். "எங்க பெரிய மேடமும் ஜொகூர்க்காரிதான்" என்பதில் அத்தைக்கு ஒரு பெருமை.

அந்தக் கட்டடத்துக்கும் பால்மரத்துக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. தோட்டத்துப் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். வெள்ளைக்காரன் காலத்தில் அங்கே இருந்தது ராஃபிள்ஸ் நூலகம். பெரும்பாலும் ஆங்கிலப் புத்தகம், சந்தா கட்டினால்தான் இரவல். 1953-ல் லீ கோங் சியான் என்ற ரப்பர் முதலாளி புது நூலகம் கட்ட 375,000 வெள்ளி தருவதாகச் சொன்னார். மூவாரில் ஒரு புகைக்கூடத்தில் ஆரம்பித்து லீ ரப்பர் என்ற பெரிய கம்பெனியை உண்டாக்கியவர் அவர். பணத்தைச் சும்மா கொடுக்கவில்லை, நிபந்தனை போட்டார்: நூலகம் எல்லாருக்கும் இலவசமாக இருக்க வேண்டும், நம் மக்களுடைய மொழிகளிலும் புத்தகம் இருக்க வேண்டும். 1960 நவம்பர் 12-ல் கட்டடம் திறந்தது. சீனம், மலாய், தமிழ் மூன்றும் உள்ளே வந்தன. நாம் சங்கத்துக்காரர்கள், முதலாளியைப் புகழ்ந்து பழக்கம் இல்லை. ஆனாலும் அந்த நிபந்தனை நல்ல நிபந்தனை என்று ஒப்புக்கொள்கிறோம். அத்தை இன்னும் ஒரு படி மேலே போவார். "அது அவரு காசு மட்டுமா? விடியக்காலை நாலு மணிக்கு எந்திரிச்சி வெட்டுன பால் காசு. அதனாலதான் அங்க நாம்ப பாஷைக்கு ஒரு அலமாரி" என்பார். கணக்கு சரிதான் என்று நமக்குப் படுகிறது.

அந்த அலமாரியைத் தேடி யார் யார் வருவார்கள் என்று அத்தை கதை கதையாகச் சொல்வார். துறைமுகத்து ஆட்கள் வேலை முடிந்து, முகம் கழுவிக்கொண்டு, சட்டையை மாற்றிக்கொண்டு வருவார்களாம். நாற்காலி காலியாக இருந்தாலும் உட்கார மாட்டார்களாம். நின்றுகொண்டே தமிழ்ப் பத்திரிகை படிப்பார்கள். "ஒக்காருங்கண்ணே, இது நம்ம எடம்" என்று அத்தை போய்ச் சொல்ல வேண்டுமாம். தோட்டத்து ஆபீஸ் வாசலில் நின்று பழகிய கால்களுக்கு உட்காரத் தெரியாது என்பது அவருக்குத் தெரியும். அவரும் அங்கிருந்து வந்தவர்தானே.

1965-ல் சிங்கப்பூர் பிரிந்தது. பிற்பாடு பாலத்தில் பாஸ்போர்ட் கேட்க ஆரம்பித்தார்கள். அத்தை சிங்கப்பூரில் நிரந்தரவாசி ஆனார், மலேசியக் குடியுரிமையை விடவில்லை. அங்கே குடியுரிமை எடுத்துக்கொள் என்று எத்தனையோ பேர் சொன்னார்கள். "கடைசியில எங்க போயி சாவறது?" என்று கேட்டாராம். கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று நாம் கேட்டதில்லை. கேட்கிற தைரியம் எங்கள் வீட்டில் யாருக்கும் இருந்ததில்லை.

மாதத்தில் ஒரு நாள் ரயிலேறி வருவார். குளுவாங் ரயிலடிக் கடையில் ஒரு கோப்பி குடித்துவிட்டு, டாக்சியோ மோட்டார் சைக்கிளோ பிடித்துத் தோட்டத்துக்கு வந்து சேர்வார். கையில் இரண்டு ரோத்தான் கூடை. ஒரு முறை சுங்கத்தில் கூடையைத் திறக்கச் சொன்னார்களாம். கனத்தைப் பார்த்துவிட்டுத் துணிமணி கடத்துகிறாள் என்று சந்தேகம். திறந்தால் அம்புலிமாமா! அதிகாரி ஒவ்வொன்றாகப் புரட்டிப் படம் பார்த்துவிட்டு, விக்கிரமாதித்தன் தோளில் தொங்குகிற வேதாளத்தைக் காட்டி இது யார் என்று கேட்டாராம். அத்தை மலாயில் கதை சொல்லி முடிப்பதற்குள் ரயில் ஊதிவிட்டது.

அவை நூலகத்துப் புத்தகங்கள் அல்ல. அப்படி எடுத்து வருகிறவர் அல்லர் அத்தை. தம் சம்பளத்தில் வாங்கியவை. மு.வ. நாவல்கள், அகிலன், சமையல், தையல், குழந்தை வளர்ப்பு, கோழி வளர்ப்பு, சின்னப் பிள்ளைகளுக்குப் படக்கதை. எங்கள் வீட்டு ஐந்தடியில் பால் டின் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி அலமாரி செய்திருந்தார். ஒவ்வொரு புத்தகத்தின் முதுகிலும் வெள்ளைத் தாள் ஒட்டி எண் எழுதியிருப்பார். தமிழ் இலக்கியம் என்றால் 894.811. ரப்பர் மரம் பற்றிய புத்தகம் என்றால் 633.8952. உலகத்தில் எந்த நூலகத்துக்குப் போனாலும் இந்த முறையை வைத்திருக்கிற இடத்தில் இதே எண்தான் என்று சொல்லிக்கொடுத்தார். நமக்கு அப்போது எட்டு ஒன்பது வயது இருக்கும். "நாம எந்த நம்பர் அத்தே?" என்று கேட்டோம். "நாம்பளா? தொழிலாளின்னா 331. சங்கம்னா 331.88. அங்க போயி தேடுனா நாம்ப இருப்போம்" என்றார். அது என்னமோ நம் மனதில் ஒட்டிக்கொண்டது. தோட்டத்து ஆபீசில் நமக்கு ஒரு நம்பர் உண்டு என்று தெரியும். உலகத்திலேயே நமக்கு ஒரு நம்பர் உண்டு என்பது புதுசாக இருந்தது.

இரவல் வாங்கச் சட்டதிட்டம் உண்டு. கை கழுவ வேண்டும். பால் கை பட்டால் தாள் ஒட்டிக்கொள்ளும், நாற்றமும் போகாது. ஒரு ஆளுக்கு ஒரு புத்தகம், அடுத்த மாதம் திருப்ப வேண்டும். திருப்பாவிட்டால் அபராதம் கிடையாது. "காசு கேட்டா புத்தகமும் வராது, புள்ளையும் வராது" என்பார். அதற்குப் பதிலாக, படித்த கதையை அப்பாயியிடம் உட்கார்ந்து சொல்ல வேண்டும். அப்பாயிக்கு எழுத்து தெரியாது. ஆனால் கதையில் ஓட்டை இருந்தால் கண்டுபிடித்துவிடுவார். அதைவிட அபராதமே மேல் என்று நாங்கள் ஓடிய நாளும் உண்டு.

இரவல் நோட்டு ஒன்று வைத்திருந்தார். நீளமான, கெட்டி அட்டை போட்ட கணக்கு நோட்டு. 1972-ல் ஆரம்பிக்கிறது. பிள்ளைகள் மட்டுமல்ல, பெரியவர்களும் அதில் உண்டு. தேதி, பெயர், புத்தகம், திருப்பிய தேதி. அதோடு இன்னொரு கட்டம்: முகவரி. லயத்து வீட்டுக்கு ஏது முகவரி? கடிதம் எல்லாம் ஆபீசுக்குத்தான் வரும், செக்ரோல் நம்பரைப் பார்த்துத்தான் கிராணி கொடுப்பார். ஆகவே பெரியவர்கள் புத்தகம் எடுத்தால் சம்பளச் சீட்டைக் கொண்டுவரச் சொல்லி, அதில் இருக்கிற பெயரை அதே ஆங்கில எழுத்தில் பார்த்து எழுதி, செக்ரோல் நம்பரையும் என்ன வேலை என்பதையும் எழுதிக்கொள்வார். ஒரு தையல் புத்தகத்துக்கு இத்தனை விசாரணையா என்று சனங்கள் சிரித்தார்கள். நம் அம்மாவும் சிரித்தவர்தான்.

1999-ல் ஓய்வு பெற்று எங்களோடு வந்து தங்கினார். அந்தக் காலத்தில் தோட்டம் பாதிக்குமேல் செம்பனையாகிவிட்டது. தமிழ்ப்பள்ளியில் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள். வீட்டுக்கு வீடு டெலிவிஷன். புத்தகம் கேட்டு வருகிறவர் விரல் விட்டு எண்ணலாம். அத்தை ஒரு மாதம் சும்மா உட்கார்ந்திருந்தார். அப்புறம் ஒரு நாள் ஹப் செங் ரொட்டி டின் ஒன்றைக் கழுவிக் காயவைத்தார். அந்தப் பெரிய சதுர டின். அதற்குள் மூன்றுக்கு ஐந்து அங்குல அட்டைகளை அடுக்கினார். நூலகத்தில் கம்ப்யூட்டர் வந்த பிறகு வேண்டாமென்று கழித்துப் போட்ட அட்டைகளைக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்திருந்தார். முன்பக்கம் புத்தகத்தின் பெயர், அடியில் கம்பி கோக்கிற ஓட்டை. பின்பக்கம் வெற்று. அந்த வெற்றுப் பக்கத்தில் எங்கள் தோட்டத்து மக்களை எழுத ஆரம்பித்தார்.

வீடு வீடாகப் போவார். அடையாள கார்டில் பெயர் எப்படி இருக்கிறது? சம்பளச் சீட்டில் எப்படி? சேமநிதியில் எப்படி? பிறந்த சூராட் இருக்கிறதா? எந்த வருஷம் பெயர் பதிந்தார்கள்? எந்தக் காகிதம் கையில் இருக்கிறது, எது இல்லை? இப்படி ஒரு ஆளுக்கு ஒரு அட்டை. மூலையில் 331. ஒருவருடைய அட்டையைத் திருப்பினால் திருக்குறள் உரை, இன்னொருவரைத் திருப்பினால் கோழி வளர்ப்பு. இதைச் சொல்லிச் சொல்லி ஆட்கள் கேலி செய்தார்கள். கோழி வளர்ப்புக்காரர் இப்போதும் அந்தப் பெயரோடுதான் இருக்கிறார்.

நாம் அப்போது இருபது வயதுப் பையன். செம்பனைக் குலை வெட்டிக்கொண்டு, சங்கக் கூட்டத்தில் பின்வரிசையில் கை தட்டிக்கொண்டு திரிந்த காலம். அத்தைக்குச் சங்கத்துக்காரர்கள்மேல் கொஞ்சம் இளப்பம் உண்டு. "சங்கம் சங்கம்னு தொண்டை கிழிய கத்துறீங்க. ஒரு பைலாவது ஒழுங்கா இருக்கா உங்ககிட்ட?" என்று நம் கிளைச் செயலாளரை முகத்துக்கு நேரே கேட்டார். அவருக்குக் கோபம் வந்தது. நமக்கும் வந்தது. உண்மையைச் சொல்லிவிடுவோம்: பைல் இல்லை.

எதற்கு இந்த வீண் வேலை என்று ஒரு நாள் கேட்டோம். அப்போதுதான் சின்னத் தாத்தா பேச்சை எடுத்தார். நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், சயாம் ரயிலைப் பற்றி என்னென்ன புத்தகம் வந்ததோ எல்லாவற்றையும் தேடி எடுத்தாராம். வெள்ளைக்காரக் கைதிகள் எழுதியவை இருந்தன. காஞ்சனபுரியில் அவர்களுக்குக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது, பெயர் பொறித்த கல் வரிசையாக இருக்கிறது என்று படத்தோடு போட்டிருந்தது. நம் ஆட்கள்? 'தமிழ்க் கூலிகள்' என்று ஒரு வரி, இரண்டு வரி. பெயர் இல்லை. "முப்பத்தஞ்சு வருஷம் தேடுனேன் மருமவனே. அவ்வளவு பெரிய லைப்ரேரில எங்க சித்தப்பா பேரு ஒரு எடத்துல கூட இல்ல" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அட்டையை எழுதப் போய்விட்டார்.

2003-ல் தோட்டத்தை வீடமைப்புக்காரருக்கு விற்றுவிட்டார்கள். மூடுகிற நோட்டீஸ் வந்தது. சட்டம் என்ன சொல்கிறது என்பதை இங்கே ஒரு தடவை சொல்லிவிடுகிறோம், தெரியாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1980-ஆம் ஆண்டின் பணிநிறுத்த, ஆட்குறைப்பு நஷ்டஈட்டு விதிப்படி, ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம். இரண்டுக்கு மேல் ஐந்துக்குள் என்றால் 15 நாள். ஒரு வருஷம் முடிந்து இரண்டுக்குள் என்றால் 10 நாள். ஆக, எத்தனை வருஷம் வேலை செய்தாய் என்பதுதான் காசு.

கம்பெனி கொடுத்த பட்டியலில் எல்லாருக்கும் சர்வீஸ் 1987-லிருந்துதான் போட்டிருந்தது. அந்த ஆண்டில்தான் தோட்டம் கை மாறியது. அதற்கு முன்னால் வெட்டிய மரம் எல்லாம் யாருக்கு வெட்டியதோ! பழைய முதலாளி விற்றுவிட்டுப் போனபோது யாருக்கும் நஷ்டஈடு கொடுக்கவில்லை; புதியவர் அப்படியே வேலைக்கு எடுத்துக்கொண்டார். அப்படியென்றால் சர்வீஸ் அறுபடாது, பழைய வருஷங்களும் சேரும் என்பது அதே விதியில் இருக்கிறது. சங்கம் அதைச் சொன்னது. சரி, பழைய வருஷத்துக்கு ஆதாரம் காட்டுங்கள் என்றார்கள். பழைய செக்ரோல் புத்தகம் எங்கே என்று கேட்டால் இல்லை என்றார்கள். வேலைச் சட்டப்படி முதலாளி பதிவேட்டை ஆறு வருஷம் வைத்திருந்தால் போதும். அதற்கப்புறம் அவன் கிழித்தாலும் கேட்க முடியாது. முப்பது வருஷம் உழைத்தவன், ஆறு வருஷம் வாழ்கிற நோட்டை நம்பி இருந்தால் என்ன ஆகும்?

அன்றைக்கு ராத்திரி அத்தை டின்னைத் தூக்கிக்கொண்டு கோயில் திடலுக்கு வந்தார். சங்கத்திலிருந்து வந்த பெரியவர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு நாலைந்து நிமிடம் பேசவில்லை. யாரிடம் எந்த ஆண்டுச் சம்பளச் சீட்டு இருக்கிறது, யார் சேமநிதிக் கணக்கில் பழைய சந்தா இருக்கிறது என்று எல்லாம் அடுக்கி வைத்திருந்தது. பெரும்பாலான குடும்பங்களுக்கு அதுவே போதுமானதாயிற்று.

ஆகாதவர்களும் இருந்தார்கள். பக்கத்து லயத்து அக்கா ஒருவர். 1975-ல் பெயர் பதிந்தவர். சம்பளச் சீட்டு எல்லாம் கரையான் தின்றுவிட்டது. சேமநிதியில் கேட்டால் 1987-லிருந்துதான் கணக்கு காட்டுகிறது. அக்கா அழுதார். தொழில் இலாகா அதிகாரி நல்ல மனிதர்தான், ஆனால் காகிதம் இல்லாமல் அவரால் என்ன செய்ய முடியும்? அத்தை அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தவர், திடீரென்று, "ஏண்டி, நீ ஏங்கிட்ட தையல் புத்தகம் எடுத்துட்டுப் போனவதானே? இன்னும் திருப்பித் தரல நீ" என்றார். அக்கா வெட்கப்பட்டு, அது எப்பவோ தொலைந்துபோச்சுக்கா என்றார். அத்தை இரவல் நோட்டை எடுத்தார். 1976. தையல் புத்தகம். பெயர், செக்ரோல் நம்பர், பால்வெட்டு. திருப்பிய தேதி என்கிற கட்டம் காலி.

அந்த நோட்டைச் சட்டம் ஆதாரமாக ஏற்றுக்கொண்டது என்று நாம் கதை விடவில்லை. ஒரு கிழவியின் நோட்டுக்கு யார் பணம் தருவார்கள்? ஆனால் அதில் அக்காவின் பெயர், பழைய சம்பளச் சீட்டில் கிராணி எழுதியிருந்த அதே எழுத்துகளில் இருந்தது. அடையாள கார்டில் வேறு எழுத்து. தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் ஒவ்வொரு கிராணியும் ஒவ்வொரு விதமாக எழுதுவார்கள் என்பது நமக்குத் தெரிந்த சங்கதிதானே. அந்தப் பழைய எழுத்தைக் கொண்டுபோய்ச் சேமநிதி அலுவலகத்தில் தேடச் சொன்னோம். வேறொரு நம்பரில் ஒரு கணக்கு தூங்கிக்கொண்டிருந்தது. 1975-லிருந்து சந்தா. முதலாளி பெயர், பழைய கம்பெனி.

கணக்கைப் பாருங்கள். 1987-லிருந்து என்றால் 16 வருஷம், 320 நாள் சம்பளம். 1975-லிருந்து என்றால் 28 வருஷம், 560 நாள். 240 நாள் சம்பளம் ஒரு தையல் புத்தகத்தில் ஒளிந்திருந்தது. தூங்கிக் கிடந்த சேமநிதிக் காசு தனி. இதே முறையில் இன்னும் சிலருக்கும் பழைய கணக்கு அகப்பட்டது. எல்லாருக்கும் அல்ல. நடுவில் கொந்தரத்துக்காரரிடம் வேலை செய்த ஒருவருக்கு ஐந்து வருஷம் அடியோடு போயிற்று. கொந்தரத்துக்காரர் சந்தாவே கட்டவில்லை. அவர் அட்டையில் அத்தை அந்த ஐந்து வருஷத்தையும் எழுதி, பக்கத்தில் 'காகிதம் இல்லை' என்று எழுதியிருக்கிறார். அடித்துவிடவில்லை.

நாம் சங்கத்தில் முழுநேர வேலைக்கு வந்தது இதற்கப்புறம்தான்.

அடுத்த ஆண்டு அத்தையைக் கூட்டிக்கொண்டு சிங்கப்பூர் போனோம். 2004 மார்ச் 31, ஸ்டாம்ஃபோர்டு ரோட்டு நூலகம் மூடுகிற கடைசி நாள். சுரங்கப்பாதை ரோடு போடக் கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள். ஏராளமான கூட்டம். படம் எடுக்கிறவர்கள், கண் கலங்குகிறவர்கள். அத்தையும் அழுவார் என்று கைக்குட்டையைத் தயாராக வைத்திருந்தோம். அழவில்லை. தமிழ் அலமாரி இருந்த இடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பழைய கூட்டாளி ஒருவரைப் பிடித்து, "கட்டடம் போனா போவுது. தமிழ்ப் புத்தகத்தையெல்லாம் எங்க வைக்கப் போறாங்க, எத்தனாவது மாடி, அதச் சொல்லு" என்று கேட்டுக்கொண்டிருந்தார். மறு ஆண்டு விக்டோரியா ஸ்திரீட்டில் புதிய கட்டடம் திறந்ததும் போய்ப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் அவர் மனம் ஆறியது.

தோட்டம் இப்போது தாமான் ஆகிவிட்டது. லயம் இருந்த இடத்தில் இரண்டு மாடி வீடுகள். நம் மக்கள் டவுன் ஓரத்து மலிவு வீடுகளில் சிதறிக் கிடக்கிறார்கள். ரொட்டி டின் சங்க அலுவலகத்தில், நம் மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பேரனுக்குப் பிறந்த சூராட் எடுக்கிற பிரச்சினை, பாட்டனின் பெயர் எழுத்து என்று இன்றைக்கும் யாராவது வந்து அட்டையைப் புரட்டுவது உண்டு. மூடி துருப்பிடித்துவிட்டது. மாற்றச் சொன்னால் அத்தை சம்மதிக்க மாட்டார். இப்போது நமக்கும் மனம் வரவில்லை.

அத்தையின் பதினாறாம் நாள் காரியத்துக்கு அந்தப் பக்கத்து லயத்து அக்கா வந்தார். அறுபத்தைந்துக்கு மேல் வயது. கையில் பழைய தமிழ்ப் பத்திரிகையில் சுற்றிய பொட்டலம். பிரித்தால் தையல் புத்தகம். தொலையவே இல்லை. அதைப் பார்த்துத்தான் தையல் கற்றுக்கொண்டாராம். லயத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சட்டை தைத்துக் கொடுத்து மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தாராம். அட்டையில் பால் கறை கறுத்துப்போய் இருக்கிறது. உள்ளே பக்கத்துக்குப் பக்கம் சுண்ணாம்புத் தூள்.

"குடுத்தா வாங்கி வச்சிக்குவாங்களேன்னுதான் பொய் சொன்னேன் தம்பி. இப்ப யாருகிட்ட குடுக்கறது?" என்றார்.

வாங்கிக்கொண்டோம். இரவல் நோட்டை எடுத்து, 1976-ஆம் ஆண்டுப் பக்கத்தைத் தேடி, காலியாக இருந்த கட்டத்தில் அன்றைய தேதியைப் போட்டோம். அக்கா பக்கத்தில் நின்று, சரியான வரியில்தான் எழுதுகிறோமா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.